சல்லாரிக்காரர் கேட்ட முன்னடி

என் வாழ்நாளின் நற்பகுதியை ஒரு குண்டைப் பார்த்துக்கொண்டே கழித்தவன் நான். துவக்குக் குண்டன்று. நாவற்பழம் அளவில், சிலிக்கோன் இறப்பரால் வார்த்த வெண்ணிறக் குண்டு அது. உலோகக் கம்பிகளாலான சிறு கூட்டுக்குள் மேலும் கீழும் ஓடுவதே அதன் தொழில். நோயுற்ற இதயத்தின் பழுதான வாயிலை அறுத்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் இந்தக் கூட்டைத் தைத்துவிடுவார்கள். இதயம் சுருங்கும்போது குண்டு எழுந்து குருதிக்கு வழிவிடும். தளரும்போது விழுந்து வழியை அடைக்கும். உலகம் அதனை ‘வால்வு’ என்று அழைத்தது. நானோ என் குறிப்பேட்டில் ‘செயற்கை வாயில்’ என்று தமிழில் எழுதிவைத்து, ஆய்வுகூடத் தலைவரான ஆங்கிலேயரை அவ்வப்போது எரிச்சலூட்டி வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அந்த ஆய்வுகூடத்தில் எட்டு இதயங்கள் இரவும் பகலும் துடித்துக்கொண்டிருந்தன. எட்டும் பித்தளைக் குழாயாலும் கண்ணாடியாலும் மின்பொறியாலும் ஆனவை. நான் மருத்துவனல்லன், பொறியியல் கற்றவன். அந்த இதயங்களுக்கு எண்ணெயிடுவதும், உள்ளே ஓடும் குண்டுகளை எடுத்து நிறுப்பதும், அளப்பதும் என் பணி. நிறுப்பதற்குக் காரணம் இருந்தது. சில குண்டுகள் குருதியிலுள்ள கொழுப்பைப் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி வீங்கின. வெண்மை மாறி மஞ்சளித்தன. வீங்கிய குண்டு கூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் அதனைச் சுமந்தவர் நின்ற இடத்திலேயே விழுவார். தூக்கி நிறுத்த நேரமிராது. எந்தக் குண்டு வீங்கும், எது வீங்காது, வீங்குவதை வெளியிலிருந்தே எவ்வாறு அறிவது என்பவையே எங்கள் வினாக்கள்.

கடைசி வினாவுக்கு ஓர் அரைகுறை விடை இருந்தது. குண்டு எழுந்து கூட்டின் உச்சியில் முட்டும்போது ஓர் ஒலி; விழுந்து இருக்கையில் அமரும்போது மற்றோர் ஒலி. ஆக, ஒரு துடிப்புக்கு இரண்டடி. குண்டு வீங்கத் தொடங்கினால் அது தயங்கித் தயங்கி எழும். ஆகவே முன்னடி மழுங்கும். பின்னடி மட்டும் நிற்கும். இதனை நான் பித்தளை இதயங்களில் கேட்டிருக்கிறேன். உயிருள்ள மனிதர் ஒருவரின் நெஞ்சில் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிப்பட்ட மனிதர் ஒருவரை நான் அதுகாறும் கண்டதுமில்லை.

அந்நிலையில் என் ஊரான புளியந்தீவிலிருந்து தமக்கையின் கடிதம் வந்தது. மழை, நெல், மணவீடு, சாவீடு ஆகிய செய்திகளுக்குப் பிறகு, கடைசிப் பத்தியில் இருந்தது பின்வரும் செய்தி: “உன்ட மண்டூர் மச்சானுக்கு இந்தியாவில வச்சி நெஞ்சத் திறந்து உன்ட குண்டப் போட்டிருக்காங்களாம். ரெண்டு வருசமாகுது, நமக்குத்தான் சொல்லல்ல. பக்கத்தில இருந்தா மணிக்கூடு போலக் கேக்குதாம்.”

மச்சான் என்றது என் தாய்மாமன் மகனை. சிறு வயதில் மூட்டுக்காய்ச்சலில் விழுந்து எழுந்தவன். அக்காய்ச்சல் போகும்போது இதயத்தைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. எனினும் வட்டை என்னும் வயல்வெளியில் தன் நெற்காணியைத் தானே பார்த்தான். அறுவடை முடிந்த மாதங்களில் கூத்தாடிகளைப் பழக்கினான். மத்தளம் தோளில் ஏறிவிட்டால் அவன் மச்சான் அல்லன், கூத்து ஆசானாகிய அண்ணாவியார்.

ஆறு மாத விடுப்புக்கு விண்ணப்பித்தேன். தமக்கையைப் பார்த்து நெடுநாளாயிற்று என்று காரணம் எழுதினேன். பெட்டியில் முதலில் வைத்தது ஒலிப்பதிவுக் கருவி.

களுவாஞ்சிக்குடியில் பேருந்து மாறிக் குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கிருந்து தோணியில் வாவியைக் கடந்தால் மண்டூர்ப் பக்கம். தோணிக்காரர் ஐம்பது வயதைக் கடந்த, மெலிந்த, வாய் ஓயாத மனிதர். என் கையிலிருந்த கருவியைப் பார்த்து, “தம்பி, இது என்ன, பாட்டுப் பெட்டியோ?” என்றார். நெஞ்சொலி பிடிக்கும் பெட்டி என்றேன். “அப்ப அண்ணாவியார்ட நெஞ்சப் பிடிக்க வந்த ஆள் நீங்கதான்” என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றித் தோணியை ஒரே தள்ளாகத் தள்ளினார். அவரே கூத்தில் மச்சானுக்குப் பக்கத்தில் அமர்ந்து சல்லாரி என்னும் கைத்தாளம் தட்டுபவர் என்பதையும் அவர் வாயாலேயே அக்கரை சேருமுன் அறிந்துகொண்டேன்.

மச்சான் வாசலில் நின்றான். கட்டித் தழுவினான். தழுவிய அக்கணத்தில் என் மார்பில் அவன் மார்பிலிருந்து இரண்டடி விழுந்தது: டக், டிக். நான் தழுவலை விடவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

“டேய், விடுடா மூச்சு முட்டுது,” என்றான் மச்சான். “உனக்கு என்னப் பாக்க ஆசையா, எனக்குள்ள கிடக்கிற சாமானப் பாக்க ஆசையா?”

“இரண்டும்தான்,” என்றேன்.

“பொய் சொல்லக்குள்ள நீ சின்னதில இருந்தே கண்ணத் தாழ்த்துவாய்.”

அவன் மனைவி, எனக்குத் தங்கை முறையானவள், சிரித்துக்கொண்டே தேநீர் கொண்டு வந்தாள். அந்தக் குடும்பத்தில் மருத்துவம், கணக்கு, காவல் மூன்றும் அவள் பொறுப்பு. குருதி உறையாதிருக்கக் கணவன் உண்ணும் மாத்திரையை அவளே எண்ணிக் கொடுப்பாள். அவன் கையில் கத்தியைக் கண்டால் பறித்துவிடுவாள். சவரம் செய்வதற்கும் அவள் முன்னால் நிற்கவேண்டும்.

அன்றே முதல் ஒலிப்பதிவு நடந்தது. மச்சான் மேற்சட்டையைக் கழற்றி, நாற்காலியில் மணமகன்போல் நிமிர்ந்து அமர்ந்தான். ஒலிவாங்கியை மார்பில் வைத்தேன். நாடா சுழன்றது. இரண்டடியும் தெளிவாக விழுந்தன. முன்னடி கொஞ்சம் தணிவாகத் தோன்றிற்று. தோணிப் பயணத்தில் கருவி அசைந்திருக்கலாம் என்று எண்ணி, அதனைப் பொருட்படுத்தாது விட்டேன்.

அதன்பின் ஒரு பெரும் பிழை செய்தேன். குண்டு எவ்வாறு வேலை செய்கிறது என்று படம் வரைந்து காட்டிய நான், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல், சில குண்டுகள் கொழுப்பைக் குடித்து வீங்குவதுண்டு என்பதையும் அறிஞன் தோரணையில் எடுத்துரைத்தேன். தங்கை அமைதியாகக் கேட்டாள். மறுநாட் காலை உணவில் தயிர்ச் சட்டி இல்லை.

“புள்ள, தயிர் எங்க?”

“கொழுப்பு.”

“தயிர்தானே கொழுப்பு? எனக்குக் கொழுப்பு இல்லத்தானே?”

“அண்ணன் சொன்னவர்.”

நான் அவசரமாக மறுத்தேன். குருதியிலுள்ள கொழுப்பு வேறு, உணவிலுள்ள கொழுப்பு வேறு. ஒரு சட்டி தயிரால் குண்டு வீங்கும் என்று எந்த ஆய்வும் கூறவில்லை என்றேன். தங்கை நான் முதல்நாள் சொன்னதை நம்பினாள். இம்மறுப்பை நான் மச்சானுக்குப் பரிந்து பேசுவதாக எடுத்துக்கொண்டாள். எருமைப் பட்டி வைத்திருந்து அவ்வீட்டுக்குத் தயிர் கொடுத்தவருக்கும் இதனால் மனவருத்தம். அவரே அவ்வாண்டுக் கூத்தில் அரசர். வழியில் கண்டால் என்னை அரசருக்குரிய பார்வையால் பார்த்துவிட்டுப் போவார்.

கூத்துப் பழக்கம் மாலை வேளைகளில், கோயிலை அடுத்த வெளியில் நடந்தது. பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுத்து, அண்ணாவியாருக்கு வெற்றிலை வைத்து, ஊரார் ஒப்புக்கொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வைகாசிப் பூரணையில் அரங்கேற்றம். வெற்றிலையை வாங்கிய அண்ணாவியார் அரங்கேற்றம் முடியுமட்டும் கூத்தாடும் களரியை விட்டு விலகமாட்டார். அது எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத வழக்கம்.

நானும் போய் ஓர் ஓரத்தில் அமர்ந்தேன். மச்சானும் தோணிக்காரரும் ஒரே வாங்குப் பலகையில் தோளோடு தோளாய் இருந்தனர். அரசரின் வரவு தொடங்கிற்று. மத்தளம் முழங்கியவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பின்னர் மத்தளம் ஓய்ந்து, அண்ணாவியார் வரவுப் பாட்டை எடுக்க, சல்லாரி மட்டும் காலத்தைத் தாங்கி நிற்கவேண்டிய இடம் வந்தது. சல்லாரி விரைந்தது. அரசர் விரைந்தார். மிடுக்காக நடந்து வரவேண்டிய வேந்தர், மாடு துரத்தியவர்போல் களரியைச் சுற்றினார்.

“சல்லாரி! எங்க ஓடுது? பஸ் போகுதோ?” என்று மச்சான் சீறினான்.

“நான் நேராத்தான் தட்டுறன், அண்ணாவியார்.”

“நேரா? ராசாட நாக்குத் தள்ளிப் போச்சு, பாரும்!”

மீண்டும் தொடங்கினார்கள். மீண்டும் ஓடிற்று. மச்சான் முன்னிலும் உரக்க ஏசினான். சல்லாரி முன்னிலும் விரைந்தது. அரசர் மூச்சிரைக்க நின்று, “நான் எருமைக்குப் பின்னால கூட இப்பிடி ஓடினதில்ல” என்றார். இந்த வரவைப் பழகத் தொடங்கிய நான்கு நாட்களாக இதே கதை என்று சூழ இருந்தோர் சொன்னார்கள். தோணிக்காரர் முகம் வாடிவிட்டது. இருபது ஆண்டு சல்லாரி தட்டியவர். தாளம் தவறுகிறாய் என்ற சொல்லை முதன்முறையாகக் கேட்கிறார்.

எனக்கு ஓர் ஐயம் உதித்தது. எழுந்து சென்று தோணிக்காரரைக் கைபிடித்து எழுப்பி, நான்கு முழம் தள்ளி ஒரு பெட்டியின்மேல் அமர்த்தினேன். “இப்பொழுது தட்டுங்கள்” என்றேன். வரவுப் பாட்டு எழுந்தது. சல்லாரி சீராக நடந்தது. அரசர் அரசராக நடந்தார்.

சங்கதி இதுதான். மத்தளம் ஓய்ந்திருக்கும் வேளையில் தோணிக்காரர் தம்மை அறியாமல் காலத்தை அண்ணாவியாரின் நெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வாங்குப் பலகையும் தோளும் அந்தக் குண்டின் அடியை அவருக்குக் கொண்டு சேர்த்தன. அண்ணாவியார் பாட்டில் உணர்ச்சி ஏற, நெஞ்சு விரையும். நெஞ்சு விரைய, சல்லாரி விரையும். சல்லாரி விரைய, அண்ணாவியாருக்குச் சினம் மூளும். சினத்தால் நெஞ்சு இன்னும் விரையும். நடுவில் அகப்பட்ட அரசர் ஓடாமல் என்ன செய்வார்?

நான் இதனை விளக்கியதும் எழுந்த சிரிப்பில் வேப்பமரத்துக் காகங்கள் கலைந்தன. மச்சான் சிரித்துக் கண்ணீர் துடைத்தான்.

“அப்ப நாலு நாளா நான் என்னையே ஏசியிருக்கன்!”

“ஏசினது நீங்க, வாங்கினது நான்,” என்றார் தோணிக்காரர். “ஆனா ஒண்டு சொல்றன் அண்ணாவியார், உங்கட மத்தளத்த விட அது சுத்தமான தாளம்.”

நான் மிகுந்த பெருமையுடன் ஆய்வுகூடத் தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அவர் ஒரே வரியில் விடையளித்தார்: நகைச்சுவை நன்று, அளவீடுகள் எங்கே?

அளவீடுகள்தாம் என்னைத் தொல்லைப்படுத்தின. கிழமைக்கு ஒருமுறை வாவியைக் கடந்து சென்று ஒலிப்பதிவு செய்தேன். மூன்றாம் நாடாவில் முன்னடி மெலிந்திருந்தது. நான்காவதில் சில துடிப்புகளில் முன்னடி இல்லவே இல்லை. இதற்குப் பொருள் என்னவென்று இந்த உலகில் அறிந்திருந்த சிலருள் நானும் ஒருவன். ஆயினும் நான் செய்தது என்ன? கருவியைப் பழித்தேன். உப்புக்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்றேன். மின்கலம் தளர்ந்துவிட்டது என்றேன். ஒலிவாங்கியை வைத்த இடம் விலகிவிட்டது என்றேன். ஆய்வுகூடத்தில் எங்களுக்குப் புகட்டப்பட்ட முதற்பாடம், வியப்பான முடிவு வந்தால் முதலில் உன் கருவியை ஐயுறு என்பது. அப்பாடத்தை அன்று போல் நான் என்றும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை.

புளியந்தீவில் வானொலிப்பெட்டி திருத்தும் ஒருவரிடம் கருவியைக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்.

“ஐயா, பெட்டியில ஒரு பிழையும் இல்ல.”

“ஒலி மெலிந்து பதிகிறதே?”

“சத்தம் எப்பிடி வருதோ அப்பிடித்தான் பதியும். நீங்க பிடிக்கிற சாமானப் பாருங்க.”

அவரது அறியாமையை எண்ணி உள்ளுக்குள் நகைத்தவாறு கருவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த கிழமை மச்சானுக்குப் புளியந்தீவில் காணி அலுவல் இருந்தது. இருவரும் காலையில் தோணி ஏறினோம். காற்றில்லை. வாவி எண்ணெய்போல் கிடந்தது. கம்பு நீரைத் தொடும் ஒலி தவிர வேறு ஓசையில்லை. மச்சான் தோணியின் பின்னணியத்தில், தோணிக்காரரின் காலடியில் அமர்ந்து, அரசரின் உச்சரிப்பைக் கேலிசெய்துகொண்டு வந்தான். நடு வாவியில் தோணிக்காரர் கம்பை நிறுத்தினார்.

“அண்ணாவியார், ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப்படாது.”

“கேளும்.”

“முன்னம் இந்தப் பலகையில நீங்க இருந்தா, என்ட காலுக்கு ரெண்டடி வரும். இப்ப ஒண்டுதான் வருது. முன்னடி விழுகுதில்ல. நடுவில எப்பயாவது ஒருக்கா விழுகுது. மறுகா இல்ல.” என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்க படிச்ச ஆள். அது அப்பிடித்தானோ? பழகப் பழக அடங்குமோ?”

என் கையிலிருந்த கருவி திடீரெனப் பாரமாயிற்று. அதனைத் தோணியின் அடியில் வைத்துவிட்டு, ஊர்ந்து சென்று மச்சானின் மார்பில் காதை வைத்தேன். இடையில் கருவியும் நாடாவும் இல்லாது நான் கேட்டது அதுவே முதல்முறை. டிக். டிக். டிக். பின்னடி மட்டும். எட்டாவதோ ஒன்பதாவதோ துடிப்பில், ஏதோ நினைவு வந்ததுபோல் ஒரு மங்கிய முன்னடி.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

மச்சான் நீரைப் பார்த்தான். “தெரியும். எனக்குத் தாளம் தெரியாதெண்டு நினைச்சியா? பத்துப் பன்ரெண்டு நாளாத் தலையும் சுத்துது. வயல் வரம்பில ஏறக்குள்ள ரெண்டு தரம் இருந்து எழும்பினன்.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா நீ தூக்கிக்கொண்டு போவாய். வெத்திலை வாங்கியிருக்கன் மச்சான். பூரணைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் கிடக்கு. அது முடிய எங்க வேணுமெண்டாலும் வாறன்.”

“இருபத்திரண்டு நாள் அந்தக் குண்டு காத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.”

“களரிக்குக் குத்தம் வந்தா?”

“களரியில் நீ விழுந்தால் அது என்ன?”

தோணிக்காரர் தோணியைத் திருப்பினார்.

தங்கையிடம் சொன்னபோது அவள் அழுவாள் என்று அஞ்சினேன். அவள் அழவில்லை, நேரே அறைக்குள் சென்று பயணப்பெட்டியை எடுத்து வெயிலில் வைத்தாள். மச்சான் மட்டும் அசையவில்லை. வழக்கம் வழக்கமே என்றான். ஊரார் முன் வாங்கியதை ஊரார்க்குத் தெரியாமல் விட்டுவிட்டுப் போவது அண்ணாவிக்கு அழகன்று என்றான். எனவே அன்று பிற்பகலே கூத்தாடிகள் எல்லாரும் கோயில் வெளியில் கூடினர்.

நான் ஆய்வுகூட மொழியில் ஒரு விளக்கம் தொடங்கினேன். தோணிக்காரர் இடைமறித்து, “குண்டு இறுகுது. இறுகினா ஆள் இல்ல” என்று ஐந்து சொல்லில் முடித்தார்.

அரசர் முதலில் முனகினார். “நாலு மாசமா வயித்தக் கட்டி ஆடிப் பழகியிருக்கன். மாமன் வீட்டாருக்கெல்லாம் சொல்லிப்போட்டன்.”

“ராசா,” என்றார் தோணிக்காரர், “அண்ணாவியார் இல்லாத களரியில நீ எங்க போய் ஓடப்போற?”

“வேற ஆளப் பிடிக்கலாம் எண்டு நான் சொன்னனா? அவர் இல்லாம நான் சதங்கை கட்டமாட்டன். அதத்தான் சொல்ல வந்தன், விட்டாத்தானே?”

சொல்ல வந்தது அதுதானா என்பதில் எனக்கு இன்றுவரை ஐயமுண்டு. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஒரு வெறுந்தட்டுடன் வந்தார். அதனை மச்சான் முன் வைத்தார்.

“அண்ணாவியார், நாங்க தந்த வெத்திலையத் திருப்பித் தாங்க.”

“அத நான் அண்டைக்கே போட்டுத் துப்பிட்டன்.”

“வேற வெத்திலை வைங்க. கணக்கு ஒண்டுதான். நீங்க திருப்பித் தந்தா உங்கள ஒரு கட்டும் கட்டாது. போய் வாங்க. வந்த பொறகு புதுசாத் தாறம்.”

அப்படி ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்த அண்ணாவியை எவரும் கண்டதில்லை. கொடுக்கக்கூடாது என்று சொன்னவரையும் எவரும் கண்டதில்லை. முடிவில் கோயிற் பூசகர், தடை என்று ஒன்று இல்லாதவிடத்துத் தடை இல்லை என்றார். நான் கேட்ட தருக்க வாதங்களுள் அதனிலும் சிறந்தது அரிது. மச்சான் மடியிலிருந்து ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்துத் தட்டில் வைத்தான்.

“வேற எவனுக்கும் குடுக்கப்படாது,” என்றான்.

“குடுத்தா என்னக் கொல்லுங்க,” என்றார் அரசர்.

கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பணம், அனுமதிச் சீட்டு ஆகியவற்றுக்காக அலைந்த அலைச்சலைத் தனி நூலாக எழுதலாம், எழுதமாட்டேன். முதல் அறுவைக்குச் சென்றபோது பெற்ற கடிதங்களைத் தங்கை ஒன்றுவிடாமல் பேணி வைத்திருந்தாள். அதனால் பத்தாம் நாள் நாங்கள் மூவரும் தலைமன்னாரில் கப்பலேறினோம். மச்சானைத் தனியே படியேற விடாமல் நானும் தங்கையும் இருபுறமும் தாங்கினோம். “மாப்பிள்ளை ஊர்வலம் போல இரிக்கு; மேளந்தான் இல்ல” என்றான். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

தமிழ்நாட்டில் முதல் அறுவை நடந்த மருத்துவமனையின் அறுவை மருத்துவர் உயரமான, சொற்சுருக்கமுள்ள மனிதர். நான் கொண்டுபோன நாடாக்களுள் முதலாவதை முழுவதும் கேட்டார். நான்காவதைப் பாதிவரை கேட்டார். பிறகு கருவியை நிறுத்திவிட்டு, தாதியை அழைத்து, மறுநாட் காலைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். என்னிடம் ஒன்றே கேட்டார்: “இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள்?” சொன்னேன். கருவியைப் பழித்துக் கழித்த நாட்கள் எத்தனை என்பதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நடைக்கூடத்தில் ஒரு நீண்ட வாங்கில் நானும் தங்கையும் அமர்ந்திருந்தோம். அவள் செபமாலை உருட்டும் ஒரு கன்னியாத்திரியிடம் தன் ஊர்க் கதையெல்லாம் சொன்னாள். முருகனுக்கு என்ன நேர்ந்திருக்கிறாள் என்பதையும் சொன்னாள். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். இதயத்தை நிறுத்திவைத்து, குருதியைப் பொறியின் வழியே ஓடவிட்டு, பழைய கூட்டை வெட்டி, புதியதைத் தைக்க எவ்வளவு நேரமாகும் என்பதை நன்கறிந்திருந்தேன். அவ்வறிவு எவ்வகையிலும் உதவவில்லை. பித்தளை இதயம் நின்றால் நாங்கள் தேநீர் அருந்தப் போவோம்.

நண்பகலுக்குப் பிறகு மருத்துவர் வந்தார். தலையசைத்தார். தங்கை அந்தத் தலையசைப்பை நம்பாமல், “உசிரோட இரிக்காரா?” என்று கேட்டு வாய்ச்சொல்லாகவே வாங்கிக்கொண்டாள். அதன்பின் அவர் என்னிடம் ஒரு சிறு போத்தலை நீட்டினார். உள்ளே குண்டு. பழுத்த மாங்கனியின் மஞ்சள்; ஒரு பக்கத்தில் நரம்புபோல் வெடிப்பு. கூட்டின் கம்பிகளுக்கிடையே தானாக விழவில்லை, விரலால் தள்ளவேண்டியிருந்தது என்றார். அதன் பொருள் இருவருக்கும் தெரியும்.

எட்டு ஆண்டு நான் தேடிய சான்று அது. நிறுக்கவும் அளக்கவும் கீறிப் பார்க்கவும் உயிருள்ள நெஞ்சிலிருந்து வந்த குண்டு. என் கை அதனைப் பிடிக்கத் துணியவில்லை. தங்கை வாங்கி வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள்.

“இதா அண்ணன்? இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?” என்றாள். பழியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே வியந்தாள்.

புதிய கூட்டில் உலோகக் குண்டு வைத்திருந்தார்கள். உலோகம் கொழுப்பைக் குடிக்காது. ஆனால் ஒலி பெரிது. மூன்றாம் நாள் எங்களை உள்ளே விட்டார்கள். நெஞ்சொலி கேட்கும் குழாயை வெளியே வாங்கிலேயே வைத்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்ததும் அது தேவையில்லை என்று தெரிந்தது. இரண்டடியும் அறை முழுதும் கேட்டன.

மச்சான் கண்ணை மூடியபடி படுத்திருந்தான். முகம் வெளிறியிருந்தது, உதட்டில் நீலம் இல்லை.

“வந்திட்டியா?” என்றான். குரல் காற்றுப்போல் வந்தது. “கஞ்சியில உப்பில்ல. சொல்லு அவங்களுக்கு.”

“சொல்கிறேன்.”

“பக்கத்துக் கட்டில்காரன் என்ட சத்தத்தில நித்திரை இல்லையாம். இடம் மாத்தச் சொல்றான். நான் போகமாட்டன், அவன் போகட்டும்.”

தங்கை திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஏசத் தொடங்கிவிட்டான் என்றால் இனி அஞ்ச வேண்டியதில்லை என்பது அவள் கணிப்பு; மருத்துவரின் கணிப்பைவிட அதனையே அவள் நம்பினாள்.

“எப்ப ஊருக்குப் போகலாம்?” என்று கேட்டான்.

“எட்டுக் கிழமை என்கிறார்கள்.”

போர்வைக்கு வெளியே கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். ஆனி, ஆடி. உதடு அசைந்தது. “ஆவணிப் பூரணை. மழைக்கும் முந்தி, விதைப்புக்கும் முந்தி. கடுதாசி இரிக்கா? எழுது.”

எழுதினேன். யார் யார் எந்த வரவை எத்தனை முறை ஆடிப் பழகவேண்டும், அமைச்சர் வேடக்காரர் எந்தச் சொல்லை விழுங்குகிறார், எவருக்கு இடது கால் பிந்துகிறது என்று, மூச்சு வாங்கிவாங்கி, ஒருவரையும் விடாமல் சொன்னான். நடுவில் இருமுறை களைத்துக் கண்ணயர்ந்தான். விழித்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். முடிந்ததும் கடிதத்தை வாங்கிப் பார்த்தான்.

“இது என்னடா தமிழ்? ‘நடனப் பயிற்சியைக் குறைவற மேற்கொள்க.’ ராசாவுக்கு விளங்குமா? ‘ஒழுங்கா ஆடு’ எண்டு எழுது. திருப்பி எழுது எல்லாத்தையும்.”

நேரமாயிற்று என்று தாதி எங்களை வெளியேற்றினாள். நடைக்கூடத்து வாங்கில் அமர்ந்து, அவன் சொன்னது சொன்னபடியே, ஒரு சொல்லையும் திருத்தாமல், முழுவதையும் மறுபடி எழுதினேன். தங்கை முத்திரை ஒட்டினாள். மருத்துவமனை வாயிலிலிருந்த அஞ்சற்பெட்டியில் அன்று பிற்பகலே போட்டோம்.